டாக்டர் கேட்ட பெயர்

ஜூன் 16, திங்கள்

நூல் கடையில் வருடா வருடம் கொடுக்கும் டைரியில் இதுவரை நான் எழுதியது இரண்டே விஷயம்தான். கரண்ட் நின்ற நேரம், தறியில் பாவு நூல் ஏற்றிய தேதி. இன்றிலிருந்து வேறு எழுத வேண்டியிருக்கிறது. ஈரோட்டு டாக்டரம்மா உத்தரவு. "வீட்டுல நடக்கறத அப்படியே எழுதிட்டு வாங்க. எட்டு வாரம் கழிச்சு மறுபடியும் பார்க்கலாம்" என்றார். எழுதுகிறேன். அவர் சொன்னது தப்பு என்று எழுதியே காட்டுகிறேன்.

எல்லாம் மகள் பூங்கொடியால் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து போன மாதம் வந்தவள், அம்மா ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டதைப் பார்த்துவிட்டாள். பேத்தியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் கேட்டுவிட்டாள். மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். உப்பு அதிகமானதற்கெல்லாம் டாக்டர் என்றால் குமாரபாளையத்தில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரி பாவாயியை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்பது போல டாக்டரம்மா கேள்வி கேட்டார். இன்று என்ன தேதி என்றார். "ஆனி ரெண்டுங்" என்றாள். டாக்டரம்மா பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். நான் எழுந்து, "இன்னிக்கு ஆனி ரெண்டுதானுங்க, காலண்டரப் பாருங்க" என்றேன். பார்த்தார். சரி என்று போட்டுக்கொண்டார். மாம்பழம், மேசை, சாவி என்று மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். மாம்பழம் மட்டும் வந்தது. மேசையும் சாவியும் இருந்தால் என்ன, போனால் என்ன.

பிறகு, "உங்க வீட்டுக்காரர் பேரு என்னங்கம்மா?" என்றார்.

பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா காகிதத்தில் ஏதோ குறித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பக்கத்துல பொம்பளைங்க வீட்டுக்காரர் பேரச் சொல்ல மாட்டாங்க டாக்டரம்மா. கல்யாணமாகி நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு தடவ சொன்னதில்ல. அதுக்கெல்லாம் மார்க் கொறைப்பீங்களா?" என்றேன்.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் அர்த்தநாரீஸ்வரர் பெயர். அந்தச் சாமி பெயரைக்கூட பாவாயி சொல்ல மாட்டாள். ரேஷன் கடையிலோ பேங்கிலோ வீட்டுக்காரர் பெயர் கேட்டால், "செங்கோட்டு மலைச்சாமி பேருதானுங்" என்பாள். அவர்களே புரிந்துகொண்டு எழுதிக்கொள்வார்கள். இன்று ஏனோ அதையும் சொல்லவில்லை. புது இடம், கூச்சம்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அறுபது வயசு தாண்டினவங்கள்ல நூத்துக்கு ஏழு பேர் மாதிரி இந்த வியாதி இருக்குதுங்கய்யா. வயசு ஏற ஏற அதிகம். ஆம்பளைங்களவிடப் பொம்பளைங்களுக்கு அதிகம். படிக்காதவங்களுக்கு அதிகம். சுகர், பிரஷர், பீடி, சிகரெட்டு, தனிமை… காது கேக்காம இருக்கறதும் ஒரு காரணம்" என்றார். கடைசி வரியை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். "உங்க காத எப்பக் கடைசியாப் பார்த்தீங்க?"

"கண்ணாடி முன்னால நின்னாத்தான் தெரியும்" என்றேன். பூங்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

நூற்றுக்கு ஏழு என்றால் தொண்ணூற்று மூன்று பேருக்கு இல்லை. இதை ஏன் எந்த டாக்டரும் முதலில் சொல்வதில்லை?

ஜூன் 17, செவ்வாய்

பூங்கொடி ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "அப்பா, எட்டு வாரம் கழிச்சு டாக்டர் இதேதான் சொன்னாங்கன்னா, நீங்க ரெண்டு பேரும் எங்கூட வந்துடோணும். தறிய பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

வீட்டின் பின்னால் கொட்டகையில் நான்கு தறி இருக்கிறது. இரண்டில் லுங்கி, இரண்டில் துண்டு. நானும் பாவாயியும் ஓட்டியே மகளைப் படிக்க வைத்தோம். அதைப் பழைய இரும்பு என்கிறாள்.

"சரி கண்ணு. அதே டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, நீ இனிமே இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது" என்றேன். சரி என்றாள். எனக்கு எட்டு வாரம் போதும்.

ஜூன் 20, வெள்ளி

காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. வீதியில் ஆட்களை எண்ணினேன்.

எங்கள் வீதியில் அறுபது தாண்டியவர்கள் நாற்பது பேருக்குக் கொஞ்சம் மேலே. டாக்டரம்மா கணக்குப்படி மூன்று பேர் வர வேண்டும். கிழக்கு முனையில் செல்லாயி அக்கா, கல்யாணமான மகனுக்குப் பள்ளிக்கூடப் பை தேடுகிறவர், ஒன்று. பஞ்சாயத்து போர்டில் வேலை பார்த்த மாரப்பன், இரண்டு. மூன்றாவது யார்?

எதிர்வீட்டுக் குழந்தைவேல் மேல் எனக்குச் சந்தேகம். இன்று டீக்கடைக்கு ஒரு காலில் கறுப்புச் செருப்பும் இன்னொரு காலில் பழுப்புச் செருப்புமாக வந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், பாவம். காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னுங்ண்ணா காலையே பார்க்கறீங்க? வெளிச்சமில்லாம மாத்திப் போட்டுட்டேன்" என்றான்.

நான் நூற்றுக்கு ஏழு கணக்கை அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டையும் சேர்த்துத்தானே எண்ணுனீங்க?" என்றான்.

அது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பரீட்சை என்றால் படித்துத்தான் பாஸ் பண்ண வேண்டும். இரண்டாம் வகுப்போடு நின்றவளிடம் திடீரென்று கேள்வி கேட்டால் திணறத்தான் செய்வாள். அதனால் தினமும் காலையில் காப்பி குடித்ததும் பாடம்.

மாவட்டம் நாமக்கல். ஆறு காவிரி. அக்கரையில் பவானி. மாம்பழம், மேசை, சாவி. பாவாயி கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள். மேசையில் மட்டும் தடுமாற்றம். எங்கள் வீட்டில் மேசை இல்லை என்பதால் இருக்கும். குழந்தைவேல் வீட்டு மேசையைப் போய்க் காட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் தறியின் பெல்ட் அறுந்தது. மாற்றினேன். பாவாயி முன்பெல்லாம் கொட்டகையிலேயே உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கக் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றுவாள். நான் தறியைப் பார்ப்பேன். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. தறிக்காரர்கள் வாயசைவிலும் கை ஜாடையிலும் பேசிப் பழகியவர்கள். பாவாயிக்கு என் பெயரைச் சொல்லவும் கூடாது, சொன்னாலும் எனக்குக் கேட்காது. ஆகவே கழிவு நூலை உருட்டி என் முதுகில் எறிவாள். குறி தப்பவே தப்பாது. திரும்பினால் கையை வாய்க்குக் கொண்டுபோவாள், சோறு. விரலைச் சுற்றிக் காட்டினால் தார் தீர்ந்தது. கையைக் காதோரம் வைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள்.

இப்போது கொட்டகைக்கு வருவது நின்றுவிட்டது. மூட்டு வலியாக இருக்கும். தார் வெளியில் கொடுத்துச் சுற்றுகிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

பாடம் நன்றாகப் போகிறது. மளிகைக் கடையில் நான் என்ன வாங்க வேண்டும் என்று பாவாயியைக் கேட்டேன். "மாம்பழம், மேசை, சாவி" என்றாள். கடைக்காரர் விழித்தார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

ஒரே ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. அதை எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இன்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"ஏம் பாவாயி, அந்த டாக்டரம்மா மறுபடியும் எம் பேரக் கேப்பாங்க."

"கேக்கட்டும்ங்."

"சொல்லோணும்."

"அட போங்க!" என்று என் தோளில் ஒரு அடி போட்டாள். முகமெல்லாம் சிவந்துபோனது. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. எழுபத்தொரு வயதில் பெண்டாட்டியிடம் என் பேரைச் சொல்லு என்று கெஞ்சுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"சரி, பேரு வேண்டாம். ஜாடையாச் சொல்லு. என்ன சாமி பேரு?"

கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"பழனிச் சாமி பேருதானுங்."

பழனிக்குப் போய் இரண்டு வருடமாகிறது. போக வேண்டும் என்று ஆசை இருக்கிறது போல. ஆடி கழியட்டும், கூட்டிப் போகிறேன்.

ஜூலை 2, புதன்

கரண்ட் நிற்கவில்லை. முழு நாளும் ஓட்டினேன்.

ஜூலை 8, செவ்வாய்

காது மிஷின் வாங்கிவிட்டேன். ஆசைப்பட்டு அல்ல. ஆகஸ்டில் டாக்டரம்மா முன்னால் போய் நின்றால் அவர் என் காதைக் காட்டியே என் வாயை அடைத்துவிடுவார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்கக் கூடாது.

ஈரோட்டில் மிஷின் விற்கும் பெண் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பரிசோதித்தார். "பாதிக்கு மேல போயிடுச்சுங்கய்யா. எத்தனை வருசமாத் தறி ஓட்டறீங்க?" என்றார். மீசை முளைத்த நாளிலிருந்து என்றேன். இரண்டு காதுக்கும் மாட்டிவிட்டார். வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டு முழுவதும் ஒரே நேரத்தில் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இத்தனை இரைச்சலில் மற்றவர்கள் எப்படித்தான் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறார்களோ.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நல்ல விஷயம். பாவாயி அடுப்படியில் ஏதோ முனகிக்கொண்டே வேலை செய்கிறாள். பாட்டு. எத்தனை வருடமாகப் பாடுகிறாள் என்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

மிஷின் சரியில்லை. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

காலையில் சாப்பிட உட்கார்ந்தேன். "மோட்டாருப் போட்டாச்சுங்ளா?" என்று பாவாயி கேட்டது நன்றாகக் கேட்டது. போட்டாச்சு என்றேன். இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் மறுபடியும், "மோட்டாருப் போட்டாச்சுங்ளா?" சட்னியைத் தொட்டால் மறுபடியும். கிணற்றுக்குள் கத்தினால் சத்தம் திரும்பி வருகிற மாதிரி. இதற்குப் போய் அவ்வளவு விலை வாங்கினார்கள்.

ஜூலை 12, சனி

மிஷினைத் தூக்கிக்கொண்டு ஈரோடு போனேன். புகாரைச் சொன்னேன். அந்தப் பெண் கழற்றித் துடைத்து, கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். ஒன்றும் கோளாறு இல்லை என்றார். மறுபடியும் என் காதில் மாட்டிவிட்டு, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். ஒரே தடவைதான் கேட்டது.

"இங்க நல்லாத்தான் இருக்குது. வீட்டுக்குப் போனாத்தான் திரும்பச் சொல்லுது" என்றேன்.

"யார் பேசினாலுமாங்கய்யா?"

யோசித்தேன். நேற்று குழந்தைவேல் வந்திருந்தான். தறிக்கு நூல் கொண்டுவந்த வண்டிக்காரர் பேசினார். பேத்தி போனில் பேசினாள். ஒருவர் பேச்சும் திரும்பி வரவில்லை.

"இல்லீங்க. என் வீட்டுக்காரி பேசுனா மட்டும்தான்" என்றேன்.

அந்தப் பெண் மிஷின் பெட்டியை மூடி என் கையில் கொடுத்தார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "கொஞ்சம் உட்காருங்கய்யா, டீ சொல்றேன்" என்றார். எனக்கு டீ வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

நேற்றும் போடவில்லை. பாவாயியின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. நான் எதிரில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். இப்படித்தான் இரண்டு மூன்று வருடமாக இந்த வீடு நடந்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் உறைத்தது. அவள் பத்து தடவை கேட்பதில் எனக்கு ஒன்று கேட்கும். ஒன்றுக்குப் பதில் சொல்வேன். அவளுக்கும் குறை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

மாட்டிக்கொண்டேன்.

காலையிலிருந்து படுக்கப் போகிறவரை கழற்றக் கூடாது என்று முடிவு. அவள் என்ன கேட்கிறாளோ அது முழுவதும் என் காதில் விழ வேண்டும். விழுந்த ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும், முதல் தடவை கேட்பது போலவே. மோட்டார் போட்டாச்சு. போட்டாச்சு. போட்டாச்சு பாவாயி. நான்காவது தடவை என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவள் முகம் சுருங்கிவிட்டது. நாளைக்கு ஏறாது.

பீடியை இன்றோடு விட்டேன். டாக்டரம்மா சொன்ன காரணங்களின் வரிசையில் அது என் பங்கு.

ஜூலை 25, வெள்ளி

பத்து நாளாக எழுத நேரமில்லை. இரண்டு தறிதான் ஓடுகிறது. நான் கொட்டகையில் இருந்தால் அவள் வாசலைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள். இரண்டு தடவை குழந்தைவேல் கூட்டிவந்து விட்டான். இரண்டாவது தடவை அவன் காலைப் பார்த்தேன். ஒரே மாதிரி செருப்புதான் போட்டிருந்தான்.

காலைப் பாடத்தை நிறுத்தவில்லை. மாவட்டம் போய்விட்டது. காவிரி இருக்கிறது. மாம்பழம், மேசை, சாவி கல்வெட்டு மாதிரி நிற்கிறது. என் பெயர்ப் பாடத்தை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். முன்பு அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காவிரியில் தண்ணீர் படி தொட்டுப் போகிறதாம். ஊரே ஆற்றில் இருக்கிறது. நாங்கள் போகவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இதை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

திங்கட்கிழமை டாக்டர். அதற்கு முன்னால் திருச்செங்கோட்டு மலைக்கு ஒரு தடவை போய்விட்டு வரலாம் என்று காலையில் பஸ் ஏறினோம். எனக்கு உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. சாமியை நேரில் பார்த்தால் ஜாடையாவது நினைவுக்கு வரும். "இந்தச் சாமி பேருதானுங்" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், டாக்டரிடம் நான் பார்த்துக்கொள்வேன்.

பஸ்ஸில் நன்றாகவே இருந்தாள். "சன்னலோரம் உக்காருங், காத்து வரும்" என்று எனக்கு இடம் விட்டாள். சன்னிதியில் கூட்டம் அதிகமில்லை. தேங்காய் பழத் தட்டை அவள் கையில்தான் கொடுத்தேன். குருக்கள் எங்களுக்குப் பழக்கமானவர்.

"யார் பேருக்குங்கம்மா அர்ச்சனை?"

எப்போதும் இந்த இடத்தில் அவள், "சாமி பேருக்கே பண்ணிடுங்" என்பாள். கல்யாணமான வருடத்திலிருந்து அதுதான் வழக்கம்.

"அர்த்தநாரி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "சாமி பேருக்குத்தானே? சரிங்கம்மா" என்று திரும்பினார்.

"சாமி பேருக்கு இல்லீங். என்ற வீட்டுக்காரரு பேரு. அர்த்தநாரி. தறி ஓட்டறவரு. ரெண்டு நாளாக் காணோமுங். நல்லபடியா வீடு வந்து சேரோணும்னு பண்ணுங்க சாமி." பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "பாவம், இந்த அய்யாதான் தொணைக்கு வந்தாரு."

குருக்கள் என்னைப் பார்த்தார். என் பெயர் அவருக்குத் தெரியும், என் அப்பா பெயர்கூடத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள், "அப்படியே பண்ணுங்க சாமி" என்றேன்.

பண்ணினார். அர்த்தநாரி நாமதேயஸ்ய என்று அவர் சொல்லும்போது அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்காக இவ்வளவு உருகி யாரும் வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அழுதேன். அதை மறைக்கவில்லை, கூட்டத்தில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெதுவாகத்தான் சொன்னாள். மிஷின் இல்லாவிட்டால் எனக்குக் கேட்டிருக்காது. என் பெயர் அவள் வாயிலிருந்து வந்து இத்தனை வருடத்தில் இன்றுதான் கேட்கிறேன். நன்றாகத்தான் சொல்கிறாள்.

பஸ் இறங்கும்போது, "பாத்து எறங்குங், கால் எடறப் போவுது" என்றாள். அப்போது நான் திரும்பி வந்துவிட்டேன் போல.

ஆகஸ்ட் 9, சனி

எங்கள் வீதியில் மூன்றாவது ஆள் பாவாயி.

ஆகஸ்ட் 11, திங்கள்

பூங்கொடியும் ஈரோட்டுக்கு வந்திருந்தாள். டாக்டரம்மா முன்னால் டைரியை வைத்தேன். "நீங்க சொன்னது சரிதானுங்க" என்றேன். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வேறு எந்தப் பேச்சும் வரவில்லை.

அவர் நிதானமாகப் படித்தார். மிஷின் திரும்பச் சொன்ன பக்கத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இது இரண்டு மூன்று வருடமாக இருந்திருக்கும் என்றார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும், மாற்றிவிடாது என்றும் நேராகச் சொன்னார். அவர் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

"ஆளத் தெரியறது வரும், போகும். நீங்க கேள்வி மட்டும் கேக்காதீங்கய்யா. பரீட்சை வேண்டாம். கைக்குப் பழகுன வேலை எதுவோ அதச் செய்ய விடுங்க. அவங்க நல்லா இருக்கோணும்னா நீங்க மொதல்ல நல்லா இருக்கோணும். மிஷினக் கழட்டாதீங்க. தறிச் சத்தத்துல நின்னா காதுக்குப் பஞ்சு மாதிரி ஒண்ணு இருக்குது, அத வெச்சுக்குங்க. உங்க வயசுக்கு உங்களுக்கும் ஆபத்து இருக்குது."

இன்று கேள்வி எதுவும் கேட்கப் போவதில்லை என்று டாக்டரம்மா பாவாயியிடம் சொன்னார். பாவாயிக்கு அது பிடிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாம்பழம், மேசை, சாவி" என்றாள்.

பூங்கொடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெளியே எழுந்து போனாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

வழியில் அவள் பேச்சை ஆரம்பித்தாள். பேச்சு மாறக் கூடாது என்றாள். நான் மாறவில்லை. வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத் தறி வாங்கும் ஆளைக் கூட்டி வா என்று நானே சொன்னேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தறியை நிறுத்தி இரண்டு நாளாகிறது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. பாவாயி அறை அறையாகப் போய், "அர்த்தநாரீ" என்று கூப்பிடுகிறாள். நாற்பது வருடத்துக்கும் சேர்த்துக் கூப்பிடுகிறாள். நான் போய் முன்னால் நின்று, "நாந்தான் பாவாயி" என்றால், "நீங்க உக்காருங், அவரு வந்துருவாரு" என்று தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். அதில் இருப்பவன் தலை முழுக்க முடியோடு இருக்கிறான். அவனைத்தான் தேடுகிறாள் என்றால் நானும் சேர்ந்துதான் தேட வேண்டும்.

சோறு சரியாகச் சாப்பிடவில்லை. அவரு வரட்டும் என்கிறாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தறி வாங்கும் ஆள் பத்து மணிக்கு வந்தார். நான்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடுதுங்களா, இல்ல எடைக்குத்தானா?" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். மிஷினைக் கழற்றிப் பூங்கொடி கையில் கொடுத்துவிட்டு முதல் தறிக்கு மோட்டார் போட்டேன்.

எத்தனை நாள் கழித்து அந்தச் சத்தம். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. நாடா போய்ப் போய் வந்தது. ஓரத்தில் ஒரு இழை அறுந்தது. நிறுத்தி, குனிந்து, முடிச்சுப் போட்டு மறுபடியும் ஓட்டினேன். ஆளையும் மறந்துவிட்டேன், விலையையும் மறந்துவிட்டேன்.

முதுகில் ஏதோ விழுந்தது.

திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. இன்னொன்று விழுந்தது, அதே இடத்தில். திரும்பினேன். கொட்டகை வாசலில் கையில் மூன்றாவது உருண்டையோடு பாவாயி நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நேரமாகக் கூப்பிடுகிறேன், காது என்ன அடைத்துப்போய்விட்டதா என்கிற கோபம் முகத்தில். அந்தக் கோபத்தை எனக்குத் தெரியும். வேற்று ஆளிடம் அவள் அப்படி முகத்தைக் காட்ட மாட்டாள். கையை வாய்க்குக் கொண்டுபோனாள். சோறு.

வருகிறேன் என்று கையைக் காட்டினேன். மோட்டாரை நிறுத்தினேன்.

அவளுக்குப் பின்னால் பூங்கொடி என் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். தறி வாங்க வந்தவரிடம் அவளேதான் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அளவெடுக்கும் டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

பாவாயி இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முடிவான ஏற்பாடு இது. இரண்டு தறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு இருக்கிறது. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் ஒரு தறி மட்டும் ஓடும். அவள் தார் சுற்றுகிற பழைய பலகையைக் கொட்டகையில் மறுபடியும் போட்டுவிட்டேன். வெளிக்கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள். காதுக்குப் பஞ்சு, எனக்கும் அவளுக்கும். பூங்கொடி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவாள். நான் கொட்டகையில் இருக்கும்போது குழந்தைவேலின் சம்சாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பழனிக்குப் போவது இல்லை. பஸ்ஸில் அவளுக்குச் சிரமம்.

குழந்தைவேலையும் காது பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவனும் சின்ன வயதிலிருந்து தறிதான். என்ன சொன்னான் என்றால், "என்னுங்ண்ணா?" என்றான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் போய் நின்றேன். ஒரு தடவைகூட நான் அவனாக இருக்கவில்லை. நேற்றும் அப்படித்தான். முந்தாநாள் கொட்டகையில் இரண்டு வேளையும் நின்றும் முதுகில் ஒன்றும் விழவில்லை. விழாத நாளிலும் தறியை ஓட்டத்தான் போகிறேன்.

இன்று சாயங்காலம் கரண்ட் நாலரைக்குப் போய் ஐந்துக்கு வந்தது. லுங்கிப் பாவு இன்னும் நான்கு நாளைக்கு வரும். கொட்டகையில் தறி ஓட, பெட்டி மேல் டைரியை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதுகிறேன். டாக்டரம்மா இனி எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். பழகிவிட்டது.

முதுகில் விழுந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறாள்.